பழைய ஹார்னெட்டுக்கு எந்த மோட்டார்: பெட்டியில் இருந்ததா, புதியதா?

கேள்வி
எழுதியவர்: சிப்புட் தாமான்வாசி

வணக்கம். டாமியாவின் ஹார்னெட் ரிமோட் கார் ஒன்றை மறுபடியும் ஓடும் நிலைக்குக் கொண்டுவர முயன்று வருகிறேன். எண்பதுகளின் பிற்பகுதியில் என் அண்ணன் ஈப்போவில் வாங்கியது. தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு சுங்கை சிப்புட்டில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு நாங்கள் குடிவந்தபோது கூடவே வந்து, ஸ்டோர் அறையில் தங்கிவிட்டது. மேலுடலும் சேசியும் எங்கும் முறியவில்லை. பின்பக்கத்துக் கியர்பெட்டியைக் கையால் சுழற்றினால் தடையின்றிச் சுழல்கிறது. டயர்கள் மட்டும் வெடித்துப்போயிருந்ததால் புதியவற்றை வாங்கி மாட்டிவிட்டேன்.

என் குழப்பமெல்லாம் மோட்டாரைப் பற்றியதுதான். காரில் பொருத்தியிருப்பது வெள்ளி நிறக் கூட்டுடன் கூடிய மபுச்சி 540. அதே பெட்டியில், துணியில் சுற்றிய நிலையில், தங்க நிறக் கூட்டுடன் டெக்னிகோல்டு மோட்டார் ஒன்றும் கிடைத்தது. அந்தக் காலத்தில் அண்ணன் ஆசைப்பட்டு வாங்கி, கெட்டுவிடும் என்று பயந்து அதிகம் ஓட்டாமல் வைத்திருந்ததாகச் சொல்கிறார். இந்த இரண்டில் ஒன்றையே துடைத்து எண்ணெயிட்டு ஓட்டுவதா, இன்று கடையில் கிடைக்கும் புதிய பிரஷ் மோட்டாரை (கரிக்கட்டை உராய்ந்து மின்சாரம் கடத்தும் வகை) மாட்டுவதா, அல்லது எல்லோரும் சொல்வதுபோல் ஒரேயடியாக அந்தக் கரிக்கட்டையே இல்லாத பிரஷ்லெஸுக்குப் போய்விடுவதா என்று தீர்மானிக்க முடியவில்லை. நான் கேட்டறிந்தவர்கள் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். ஆனால் ஏன் என்று கேட்டால் "அதுதான் வேகம்" என்பதற்கு மேல் யாரும் விளக்குவதில்லை.

ஓட்டப்போகும் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய செம்மண் சாலையிலும், கோயிலுக்குப் பின்னால் இருக்கும் புல்திடலிலும்தான் ஓடும். மழை விட்ட மறுநாள் அந்தச் சாலை எப்படி இருக்கும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ஓட்டப்போவது நானும், பன்னிரண்டு வயது நிரம்பிய என் மகனும். காரில் இன்னமும் பழைய இயந்திர வகை ஸ்பீட் கன்ட்ரோலரும் 27 மெகாஹெர்ட்ஸ் ரிசீவரும் இருக்கின்றன. ரிமோட்டை மட்டும் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதாக முடிவு செய்துவிட்டேன். மகனின் வேறொரு காரிலிருந்து இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி ஒன்று கைவசம் இருக்கிறது. பந்தயத்துக்குப் போகும் எண்ணம் இல்லை. கார் நீண்ட காலம் உழைக்க வேண்டும், அண்ணன் வந்து பார்க்கும்போது இது அதே கார் என்று அடையாளம் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அனுபவமுள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.


பதில் 1
எழுதியவர்: பம்பு மோட்டார் பட்டறை, ஈப்போ

வணக்கம் ஐயா. தண்ணீர் பம்புகளுக்கும் அரவை இயந்திரங்களுக்கும் மோட்டார் சுற்றிக் கொடுப்பது என் தொழில். ரிமோட் கார் பொழுதுபோக்கு மட்டுமே. உங்கள் கேள்வியில் மூன்று வழிகளை எழுதியிருக்கிறீர்கள். மோட்டாரை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுவது என்ற வரிசையையே நான் ஏற்கமாட்டேன். முதலில் பார்க்க வேண்டியது கியர்பெட்டி, அடுத்தது ஸ்பீட் கன்ட்ரோலர், அதன்பின் பேட்டரி. இவை மூன்றும் எதைத் தாங்குமோ அதுதான் உங்களுக்கு உரிய மோட்டார்.

ஹார்னெட் 1984இல் வெளிவந்தபோது அதன் கியர்பெட்டி சாதாரண 540 மோட்டாருக்காக வடிவமைக்கப்பட்டது. அதே ஆண்டில் வந்த கிராஸ்ஹாப்பர் இன்னும் சிறிய 380 மோட்டாருடன் விற்கப்பட்டது. இந்தக் கியர்பெட்டி எளிமையானது, அதனாலேயே உறுதியானது; ஆனால் அந்த உறுதிக்கும் எல்லை உண்டு. மோட்டாரின் பலத்தை இரண்டு மடங்காக்கினால் அது தாங்கினாலும், பின்பக்கம் கனமாகவும் முன்பக்கம் இலேசாகவும் இருக்கும் இந்தக் கார் ஆக்சிலேட்டரைத் தொட்டவுடன் மூக்கைத் தூக்கிக்கொண்டு மல்லாந்துவிடும். ஆகவே சாதாரண 540க்குச் சற்றே மேலான பலம் என்பதைத்தான் உச்சவரம்பாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

இனி உங்கள் கையிலுள்ள வெள்ளி நிற மோட்டாருக்கு வருகிறேன். இதன் கூடு மடித்து அடைக்கப்பட்டிருக்கும், பிரஷ்களை மாற்ற வழியில்லை. எனவே அதைப் பிரிக்க முயலாமல், கூட்டின் காற்றுத் துளைகள் வழியாகக் கைவிளக்கு அடித்துப் பாருங்கள். உள்ளே தெரியும் செப்பு உருளைதான் கம்யூட்டேட்டர். அது வெளிறிய பழுப்பு நிறத்தில் சீராக இருந்தால் நல்லது. கருகிய பட்டைகளோ, பிரஷ் உராய்ந்த இடத்தில் ஒரு வாய்க்கால்போல் ஆழமான பள்ளமோ தெரிந்தால் அதன் ஆயுள் பெரும்பகுதி முடிந்துவிட்டது என்று கொள்ளலாம். பிறகு தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல ஆட்டுங்கள். கட்கட் என்று ஆடினால் அதைத் தாங்கும் வெண்கலப் புஷ் தேய்ந்துவிட்டது. புஷ் தேய்ந்த மோட்டாரில், தண்டில் மாட்டியிருக்கும் சிறு பற்சக்கரமான பினியன் ஒரே இடத்தில் நிற்காமல் அலைவதால், மோட்டாரைவிட விலைமதிப்பான கியர் பற்களை அது தின்றுவிடும். இதைத்தான் பலர் கவனிக்காமல் விடுகிறார்கள்.

இரண்டு சோதனைகளிலும் தேறினால், கியரிலிருந்து கழற்றிய நிலையில் இரண்டு அல்லது மூன்று வோல்ட் மின்சாரத்தில் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். இரண்டு சாதாரண பேட்டரிகளைத் தொடராக இணைத்தாலே போதும். பல ஆண்டுகள் கிடந்ததில் கம்யூட்டேட்டர் மீது படிந்த மெல்லிய படலம் இதில் தேய்ந்துவிடும், பிரஷ்ஷின் முகமும் மறுபடியும் பொருந்திவரும். புஷ்ஷில் ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு துளி இலேசான எண்ணெய் போதும். அதிகமாக விட்டால் அது வழிந்து பிரஷ்ஷில் கலந்து, கரித்தூளோடு சேர்ந்து பசையாகிவிடும். தூசைக் கழுவ, மின்தொடர்புகளைச் சுத்தம் செய்யவென்றே விற்கும் ஸ்பிரேயைப் பயன்படுத்துங்கள். காருக்கான பிரேக் கிளீனர் சிலவகைப் பிளாஸ்டிக் மூடிகளைக் கரைத்துவிடும்.

அந்த இயந்திர வகை ஸ்பீட் கன்ட்ரோலரை நினைவுக்காகப் பெட்டியில் எடுத்து வைத்துவிடுங்கள். சர்வோ (ரிமோட்டின் கட்டளைப்படி அசையும் சிறு மோட்டார்) ஒரு கையை நகர்த்த, அது செப்புத் தகடுகள் மீது உராய்ந்து, மின்தடை வழியாக வேகத்தைக் குறைக்கும் அமைப்பு அது. பாதி வேகத்தில் ஓடும்போது மிச்ச மின்சாரம் அந்தத் தடையில் வெறும் சூடாகவே வீணாகிறது. அதைவிட முக்கியமானது, லிப்போ பேட்டரி தீரும் நிலையில் மின்சாரத்தைத் துண்டிக்கும் வசதி அதில் கிடையாது. லிப்போவின் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். கெட்ட செல்லைச் சார்ஜ் செய்வது ஆபத்து. நீங்கள் எந்த மோட்டாரைத் தேர்ந்தெடுத்தாலும் லிப்போவுக்கான துண்டிப்பு உள்ள மின்னணு கன்ட்ரோலர் கட்டாயம் வேண்டும். பிரஷ் மோட்டாருக்கு ஹாபிவிங் குவிக்ரன் 1060 எளிதில் கிடைக்கிறது. லிப்போவா, நிக்கல் பேட்டரியா என்பதை அதிலுள்ள சிறு ஜம்பரை நகர்த்தித் தேர்வு செய்யலாம். இரண்டு செல் லிப்போவில், சுருளில் கம்பிச் சுற்று 12ஓ அதற்கு மேலோ உள்ள 540 மோட்டார்களை அது ஓட்டும் என்பதால் உங்கள் தேவைக்கு மிகையாகவே போதும்.

ரிசீவருக்கென்று பழைய காரில் நான்கு சிறு பேட்டரிகள் போடும் பெட்டி தனியாக இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். புதிய கன்ட்ரோலரே ரிசீவருக்கு மின்சாரம் கொடுக்கும். இரண்டையும் ஒருசேர இணைக்கக் கூடாது.

டெக்னிகோல்டைப் பற்றி: அண்ணன் காட்டிய நிதானத்தையே நீங்களும் காட்டுங்கள். அந்த மோட்டாரைச் சேகரிப்பாளர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள். செம்மண்ணில் ஓட்டித் தேய்ப்பதற்கு அது உரியது அன்று.


பதில் 2
எழுதியவர்: செம்மண் ஓட்டி, கோலகங்சார்

பட்டறை அண்ணன் சொன்ன வரிசையை நான் ஏற்கிறேன், ஆனால் முடிவில் வேறுபடுகிறேன். பிரஷ்லெஸ் என்றாலே கண்மண் தெரியாத வேகம் என்ற எண்ணம் இன்னும் நம்மிடையே இருக்கிறது. அது தவறான பொருளை வாங்கியவர்களால் பரவிய எண்ணம். பிரஷ்லெஸ்ஸிலும் சாதுவான மோட்டார்கள் இருக்கின்றன. அவற்றைத்தான் பழைய கார்களுக்குப் பரிந்துரைக்க வேண்டும்.

சுற்று எண்ணிக்கை குறையக் குறைய வேகமும் மின்சாரச் செலவும் கூடும் என்பது இரண்டு வகைக்கும் பொது. ஆனால் பிரஷ் மோட்டாரின் சுற்று எண்ணிக்கையும் பிரஷ்லெஸ் மோட்டாரின் சுற்று எண்ணிக்கையும் ஒன்றல்ல. பந்தயங்களில் பழைய 27 சுற்று பிரஷ் மோட்டாரின் இடத்துக்கு வந்தது 17.5 சுற்று பிரஷ்லெஸ், 19 சுற்றின் இடத்துக்கு வந்தது 13.5 சுற்று. உங்கள் வெள்ளி நிற 540 ஏறக்குறைய 27 சுற்று மோட்டாரின் இனம் என்பதால், அதற்கு இணையாகப் பார்க்க வேண்டியது 17.5. இன்னும் சாதுவாக வேண்டுமென்றால் 21.5 இருக்கிறது. பெட்டியின் மேல் சுற்றுக்குப் பதிலாகக் கேவி என்று எழுதியிருந்தால், அது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுழற்சி என்பதைக் குறிக்கும். 2,000 கேவி மோட்டார் 7.4 வோல்ட்டில் சுமையின்றி நிமிடத்துக்கு 14,800 முறை சுழலும் என்று பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம். கடைகளில் 3,500, 4,000 கேவி என்று கவர்ச்சியாக அடுக்கி வைத்திருப்பவற்றை இந்தக் கியர்பெட்டியில் மாட்டுவதுதான் எல்லோரும் பயப்படும் அந்த விபரீதம்.

செம்மண்ணுக்குப் பிரஷ்லெஸ் ஏன் ஏற்றது என்பதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பிரஷ் மோட்டாரில் கரிக்கட்டை செப்பில் உராய்ந்துகொண்டேதான் மின்சாரம் கடத்த வேண்டும். நம் சாலைத் தூசு மாவுபோல் நுண்மையானது, காற்றுத் துளை வழியாக உள்ளே போய் அந்த உராய்வில் உப்புத்தாள் வேலையைச் செய்கிறது. பிரஷ்லெஸ்ஸில் உராயும் பகுதி இரு முனைகளிலும் உள்ள பேரிங் மட்டுமே. இரண்டாவது காரணம் சூடு. பிரஷ் மோட்டாரில் செப்புச் சுருள் சுழலும் பகுதியில் இருக்கிறது, ஆகவே அதன் சூடு காற்று இடைவெளியைத் தாண்டித்தான் கூட்டுக்கு வர வேண்டும். வெளியே தொட்டுப் பார்த்து மிதமாக இருக்கிறது என்று நாம் நினைக்கும்போது உள்ளே சுருள் வெந்துகொண்டிருக்கக்கூடும். பிரஷ்லெஸ்ஸில் சுருள் கூட்டோடு ஒட்டி நிலையாக நிற்கிறது, காந்தம்தான் உள்ளே சுழல்கிறது. சூடு நேராக வெளியேறிவிடும். லாலாங் புல்லில் சிக்கி இழுக்கும்போது இந்த வேறுபாடு கையில் தெரியும்.

அதற்காகப் பிரஷ்லெஸ்ஸுக்குச் சூடே ஆகாது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதன் சுழலியில் இருப்பது நியோடிமியம் காந்தம். சாதாரண ரகத்துக் காந்தம் 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் தன் பலத்தில் ஒரு பகுதியை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும், பிறகு ஆறினாலும் அது திரும்பி வராது. நம் ஊர் வெயிலில் ஓட்டத்தைத் தொடங்கும்போதே கூடு முப்பத்தைந்து பாகைக்குப் பக்கத்தில்தான் இருக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வாங்கும்போது சென்சார் உள்ளதாக வாங்குங்கள். சென்சார் இல்லாத வகையில், சுழலும் காந்தம் எந்த நிலையில் நிற்கிறது என்பதைக் கன்ட்ரோலர், மோட்டார் சுழலும்போது திரும்பி வரும் மின்னழுத்தத்தைக் கொண்டே ஊகிக்கிறது. நின்ற நிலையில் அந்த அழுத்தமே இராது. அதனால்தான் புறப்படும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது, அந்த வெட்டு அப்படியே கியர் பற்களில் இறங்குகிறது. சென்சார் இருந்தால் பிரஷ் மோட்டாரைப் போலவே மென்மையாகக் கிளம்பும். அளவு 3650 என்று போட்டிருப்பதே உங்களுக்குப் பொருந்தும். 36 மில்லிமீட்டர் விட்டம், 50 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அதன் பொருள். தண்டு 3.17 மில்லிமீட்டரா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய மோட்டார்களின் 5 மில்லிமீட்டர் தண்டில் உங்கள் பினியன் ஏறாது.


பதில் 3
எழுதியவர்: திடல் ஆசிரியர்

பள்ளிப் பிள்ளைகளோடு சேர்ந்து இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடுபவன் என்ற முறையில் ஒரு கருத்தை மட்டும் சேர்க்கிறேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மோட்டாரின் வேகத்தைவிட, மோட்டார் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துத் தெரிந்துகொள்ள முடிவதே பெரிது. பிரஷ்ஷும் கம்யூட்டேட்டரும் சுருளும் காந்தமும் கண்ணுக்குத் தெரியும் பொருள்கள். பிரஷ்ஷைக் கழற்றி மாற்றும் வகையில் அமைந்த புதிய பிரஷ் மோட்டாரை வாங்கினால், தேய்ந்ததைத் தானே கழற்றிப் புதியதைப் போட மகன் கற்றுக்கொள்வார். பிரஷ்லெஸ் மோட்டாரில் பிள்ளை பார்ப்பதற்கு மூன்று கம்பிகளைத் தவிர எதுவும் இல்லை. வேலை முழுவதும் கன்ட்ரோலரின் சில்லுக்குள் நடந்து முடிந்துவிடுகிறது.

செலவையும் யாரும் இதுவரை பேசவில்லை. வெள்ளி நிற 540 போன்ற சாதாரண மோட்டாரும் பிரஷ் கன்ட்ரோலரும் சேர்ந்து ஆகும் செலவுக்கு, சென்சார் வகைப் பிரஷ்லெஸ் மோட்டார் மட்டும்கூட வராது. அந்த வித்தியாசத்தில் கியர்பெட்டியின் பிளாஸ்டிக் புஷ்களை எடுத்துவிட்டு நல்ல பேரிங்குகளைப் போட்டுவிடலாம். எந்த மோட்டாருக்கும் அதுவே முதல் மேம்பாடு. இதை மட்டும் செய்தாலே, பழைய மோட்டாரிலும் பேட்டரி நீடிப்பதையும் சூடு குறைவதையும் காணலாம்.


பதில் 4
எழுதியவர்: செம்மண் ஓட்டி, கோலகங்சார்

ஆசிரியர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பேரிங் விஷயத்தில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் பிள்ளைகளுக்குப் பிரஷ்லெஸ் ஆகாது என்பதற்கு வேகத்தைக் காரணம் காட்ட முடியாது. இன்றைய ரிமோட்டுகள் பலவற்றில் ஆக்சிலேட்டரின் உச்ச வரம்பைப் பாதியாகக் குறைத்து வைக்கலாம். பிள்ளையின் கை பழகப் பழக ஏற்றிக்கொள்ளலாம்.

டாமியாவின் டிபிஎல்இ-02எஸ் கன்ட்ரோலர் பிரஷ் மோட்டார், சென்சார் பிரஷ்லெஸ் என இரண்டையும் ஓட்டக்கூடியது. இன்று ஒன்று, நாளை மற்றொன்று என்று நினைப்பவர்களுக்கு அது வசதிதான். ஆனால் லிப்போவுக்கான துண்டிப்பு அதில் இல்லாததால், உங்களிடம் உள்ள பேட்டரியோடு அதை இணைக்காதீர்கள், அல்லது செல் அழுத்தம் குறைந்தால் கத்தும் சிறு அலாரத்தைப் பேட்டரியின் சமன் இணைப்பில் (ஒவ்வொரு செல்லுக்கும் தனிக் கம்பி உள்ள சிறு செருகி) செருகிக்கொள்ளுங்கள்.


பதில் 5
எழுதியவர்: சிப்புட் தாமான்வாசி

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. சொன்னபடியே இரண்டு மோட்டார்களையும் பார்த்தேன். வெள்ளி நிற மோட்டாரில் கம்யூட்டேட்டர் பழுப்பாக, சீராகத்தான் தெரிகிறது. குறைந்த அழுத்தத்தில் ஓடவும் செய்கிறது. ஆனால் பினியன் இருக்கும் பக்கத்தில் தண்டு நன்றாக ஆடுகிறது. ஆட்டும்போது விரலிலேயே அந்தத் தட்டல் தெரிகிறது. மறுபக்கத்தில் ஆட்டமே இல்லை.

டெக்னிகோல்டில் ஆட்டம் கிடையாது, சுழற்சியும் வழுவழுப்பாக இருக்கிறது. ஆனால் அதன் பின்பக்கத்தில் நான் எதிர்பாராத சில பொருள்கள் இருக்கின்றன. இரண்டு இணைப்பு முனைகளிலிருந்தும் கூட்டுக்கு வட்ட வடிவில் சிறு மாத்திரைபோல் இரண்டு உறுப்புகள் பற்றவைக்கப்பட்டுள்ளன. இரு முனைகளுக்கும் குறுக்கே, ஒரு பக்கம் வெள்ளிக் கோடு போட்ட கறுப்பு உருளை ஒன்றும் இருக்கிறது. அண்ணனிடம் கேட்டால், பந்தயக் கார் வைத்திருந்த நண்பர் ஒருவர் அதை ஒட்டிக் கொடுத்ததாக மட்டும் நினைவிருக்கிறது என்கிறார். அது பியூஸா? அதை விட்டுவைக்கலாமா? தீபாவளிக்கு அண்ணன் வரும்போது ஒருமுறையாவது அந்த மோட்டாரில் காரை ஓடவிட்டுக் காட்ட ஆசை.

இன்னொரு சந்தேகம். லிப்போ பேட்டரி சேசியின் பேட்டரிக் குழிக்குள் இறங்க மறுக்கிறது. நீளம் சரியாகத்தான் இருக்கிறது, மூலைகள்தான் இடிக்கின்றன. குழியை அறுத்துப் பெரிதாக்கலாமா?


பதில் 6
எழுதியவர்: பம்பு மோட்டார் பட்டறை, ஈப்போ

நீங்கள் அந்த உருளையைக் கவனித்துக் கேட்டது மிகவும் நல்லதாகப் போயிற்று. அது பியூஸ் அன்று, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் கடத்தும் ஷாட்கி டயோடு. அந்தக் காலத்துப் பந்தயக் கன்ட்ரோலர்கள் பலவற்றில் பின்னோக்கி ஓட்டும் வசதி இருக்காது. முன்னோக்கியும் பிரேக்கும் மட்டுமே. கன்ட்ரோலர் மின்சாரத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுக் கொடுக்கும்போது, ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் சுருளில் எஞ்சும் மின்னோட்டம் போவதற்கு ஒரு வழி வேண்டும் என்பதற்காக அந்த டயோடை ஒட்டுவார்கள். வெள்ளிக் கோடு உள்ள முனை நேர்மின் பக்கம் இருக்கும். முன்னோக்கி ஓடும்போது டயோடு மின்சாரத்தைத் தடுத்து நிற்பதால் தொல்லையில்லை. ஆனால் பின்னோக்கி ஓட்டும் வசதியுள்ள இன்றைய கன்ட்ரோலரை இணைத்து ரிவர்ஸ் கொடுத்தால், மின்னழுத்தம் தலைகீழாகி, மின்சாரம் முழுவதும் மோட்டாரைத் தொடாமலேயே டயோடு வழியாகப் பாய்ந்துவிடும். நேரடி ஷார்ட் சர்க்யூட்தான். முதலில் வெடிப்பது டயோடா, கன்ட்ரோலரா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஆகவே அதை வெட்டியெடுத்தாக வேண்டும்.

மாத்திரைபோல் இருக்கும் அந்த இரண்டும் கண்டென்சர்கள். அவற்றைத் தொட வேண்டாம். பிரஷ் முனையில் எழும் தீப்பொறி ரேடியோ இரைச்சலை உண்டாக்கும், அதை அடக்குவதற்குத்தான் அவை. 27 மெகாஹெர்ட்ஸில் அவை இல்லாவிட்டால் கார் தன் விருப்பத்துக்குத் திரும்பும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அந்தத் தொல்லை குறைவு என்றாலும், இருப்பதை எடுக்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

பழைய வேக மோட்டார்களில் பிரஷ்களின் இடத்தைச் சற்றே முன்தள்ளி வைத்திருப்பதும் உண்டு. ஒரு திசைச் சுழற்சிக்குச் சாதகமாக இருக்க அப்படிச் செய்வார்கள். அத்தகைய மோட்டாரை எதிர்த்திசையில் நெடுநேரம் ஓட்டினால் தீப்பொறி அதிகமாகி கம்யூட்டேட்டர் கருகும். அண்ணனுக்குக் காட்டும் அன்று ரிவர்ஸை அளவோடு பயன்படுத்துங்கள். பள்ளிக்கூடத்துச் சிமெண்டுத் தரையிலோ, தார்ச்சாலையிலோ ஓட்டுங்கள். செம்மண் வேண்டாம். நிறுத்தியவுடன் கூட்டின் மேல் விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று நொடி வைத்திருக்க முடியவில்லை என்றால் அன்றைய ஓட்டம் போதும்.

வெள்ளி நிற மோட்டாரைப் பொறுத்தவரை, பினியன் பக்கத்துப் புஷ் தேய்ந்திருப்பதால் அதை ஓய்வெடுக்க விடுங்கள். எல்லாச் சுமையும் அந்தப் பக்கத்தில்தான் விழும் என்பதால் அங்கே மட்டும் தேய்ந்திருப்பது இயல்பே. அடைத்த கூட்டைப் பிரித்துப் புஷ் மாற்றும் வேலைக்கு, புதிய மோட்டாரின் விலையே குறைவு. அன்றாட ஓட்டத்துக்குப் புதிய 540 ஒன்றை, அல்லது சற்றே சுறுசுறுப்பு வேண்டுமென்றால் டாமியாவின் டார்க் டியூண்டு வகையை வாங்குங்கள். இதற்கடுத்த படியான 23 சுற்று ஸ்போர்ட் டியூண்டையும் கியர்பெட்டி தாங்கும். ஆனால் புல்திடலில் அது சீக்கிரம் சூடாகும் என்பதால் உங்கள் பாதைக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். பிரஷ் கழற்றும் மோட்டார் வேண்டும் என்ற ஆசிரியரின் யோசனையை மகன் ஓட்டிப் பழகிய பிறகு எடுத்துக்கொள்ளலாம். முதல் மோட்டார் எப்படியும் புல்லிலும் சேற்றிலும் அடிபடத்தான் போகிறது.

கோலகங்சார் நண்பரின் 17.5 சுற்று யோசனையில் பிழை ஒன்றும் இல்லை. மழைக்காலத்திலும் விடாமல் ஓட்டுகிறவராக இருந்தால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்களுக்கு இது அதே கார் என்று தெரிய வேண்டும் என்றீர்கள். பிரஷ் மோட்டாரின் அந்தச் சீற்றமான ஒலியும், ஆக்சிலேட்டரை விட்டவுடன் மெல்ல அடங்கும் விதமும் பிரஷ்லெஸ்ஸில் வராது. என் தராசு சாய்ந்தது அதனால்தான்.

பேட்டரிக் குழியை அறுக்க வேண்டாம். பழைய டாமியா சேசிகள் பலவற்றில் குழியின் மூலைகள் அக்காலத்து உருளை செல்களின் வளைவுக்கு ஏற்றபடி வார்க்கப்பட்டிருக்கும். சதுர மூலைகளுள்ள லிப்போ அதில் இறங்காது. இதற்கென்றே மூலைகள் உருண்ட கூட்டில் இரண்டு செல் லிப்போ பேட்டரிகள் விற்கப்படுகின்றன. 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரியும் அப்படியே பொருந்தும். ஹார்னெட்டை டாமியா 2004இல் மறுபடியும் வெளியிட்டதால் கியர்பெட்டியின் உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன என்றாலும், முதல் வெளியீட்டுச் சேசியை அறுத்தால் அது அறுத்ததுதான்.

புதிய மோட்டாரில் பினியனை மாட்டும்போது, அதன் சிறு திருகு தண்டின் தட்டையான முகத்தின் மேல் நேராக உட்கார வேண்டும். உருண்ட பக்கத்தில் முடுக்கினால் சில ஓட்டங்களிலேயே நழுவும். பழைய பினியனின் பற்கள் ஊசிபோல் கூர்ந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். டயோடை நீக்கும்போது கம்பியை வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பற்றவைத்த ஈயத்தைச் சூடாக்கி எடுக்கப் போனால் இத்தனை ஆண்டுப் பழைய பிளாஸ்டிக் மூடி இளகி, பிரஷ் பிடிப்பான் கோணிவிடும்.